மாட்டேறு அறுந்த நூல்கள்

மென்பொருள் நூலகம் என்பது, ஒருமுறை எழுதிய நிரற்கூறுகளைப் பிறரும் எடுத்தாளும்பொருட்டுத் தொகுத்து வைத்த தொகுதி. அத்தகைய தொகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்க நூல் உண்டு. இன்ன சார்பு இன்னது செய்யும், இதன் விரிவை இன்ன பகுதியிற் காண்க, இதனோடு ஒத்த மற்றொன்று அங்கே உளது என்று அந்நூல் பக்கத்துக்குப் பக்கம் இணைப்பு வைத்துச் செல்லும். இவ்விணைப்புகள் பல அறுந்து கிடக்கின்றன என்பது நிரல் எழுதும் எவரும் அறிந்த செய்தி. அறுந்ததைச் சீர்செய்வது எழுதுவினைஞர் வேலை, நிரலாக்கம் பயின்றவர் அதிற் காலம் போக்குதல் வீண் என்னும் எண்ணமும் பரவலாகவே நிலவுகிறது. ஆசிரியர் சிலரும் மாணவர் பலரும் இவ்வெண்ணத்துக்கு ஆட்பட்டுள்ளனர். அது தவறானது, தீங்கானதுங்கூட என்பதே இக்கட்டுரையின் துணிபு. இணைப்பைச் சீர்செய்தல் நூலைச் செப்பனிடும் புலமைத் தொழில். புலமைத் தொழிலுக்குரிய மதிப்பும் புள்ளியும் அதற்கு வழங்கப்படல் வேண்டும்.

தமிழ்ச் சங்கத்து இதழில் இப்பொருளுக்கு இடம் ஏன் என்று வினவுவார் இருக்கலாம். நூல் தன்னுள் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு பிணைப்பதை நூலியலின் ஓர் உறுப்பாகக் கண்டு, பெயரிட்டு வைத்த மரபு நம்முடையது. தொல்காப்பிய மரபியல் கூறும் உத்திகளுள் ‘மொழிவாம் என்றல்’, ‘கூறிற்று என்றல்’ என இரண்டு உள. பின்னர்ச் சொல்வோம் என்று வரப்போகும் இடத்தைச் சுட்டுவது ஒன்று. முன்னரே சொன்னோம் என்று கடந்த இடத்தைச் சுட்டுவது மற்றொன்று. பவணந்தியார் நன்னூலில் இவற்றை ‘உரைத்தும் என்றல்’, ‘உரைத்தாம் என்றல்’ என வழங்குவார். ஓரிடத்து விதியை மற்றோரிடத்துக்கும் பொருத்திச் செல்லுதலை ‘மாட்டெறிந்தொழுகல்’ என்பார். பிற நூலில் முடிந்த முடிபைத் தான் உடன்பட்டு ஏற்றலையும் அவர் ஓர் உத்தியாக எண்ணினார். இன்றைய விளக்க நூல் வேறொரு நூலகத்தின் விளக்கத்துக்கு வைக்கும் புற இணைப்பை இதனோடு ஒப்பிடலாம். ஆகவே உரையாசிரியர் வழங்கிய ‘மாட்டேறு’ என்னும் சொல்லையே இணைப்புக்கு ஆளுதல் பொருந்தும்.

மாட்டேறு நூலுக்கு அணிகலமன்று, உறுப்பு. தொல்காப்பியத்து உயிர்மயங்கியலிலே ஆகார ஈற்றுச் சொல்லின் புணர்ச்சிக்கு விதி கூறவந்த ஆசிரியர், அதனை விரித்துரையாது, அகர ஈற்றுக்குக் கூறியதே அதற்கும் என்று முடித்துவிடுகிறார். அச்சூத்திரத்தின் பொருள் முழுவதும் வேறிடத்தில் இருக்கிறது. ஏடெழுதுவோர் அந்த வேறிடத்தை விட்டுவிட்டனர் என்று கொள்க. இச்சூத்திரம் எழுத்துப் பிசகாமல் ஏட்டில் இருந்தும் பொருளிழந்து போகும். மென்பொருள் விளக்கத்தின் இயல்பும் இதுவே. ‘இச்சார்பு எத்தகைய உள்ளீட்டை ஏற்கும் என்பதற்கு இன்ன பகுதியைக் காண்க’ என்று கூறி நிறுத்திய வாக்கியம், அப்பகுதி இல்லாதொழியின், நிறைவேற்றப்படாத வாக்குறுதியாக நிற்கும்.

அறுதல் மூவகைப்படும். சுட்டிய பக்கமே இல்லாதொழிதல் முதலாவது. 404 என்னும் எண்ணோடு உலாவி கைவிரிக்கும் நிலை இது. சுட்டிய இடத்தில் வேறொரு பொருள் நிற்றல் இரண்டாவது. இதனைப் பிறழ்ந்த மாட்டேறு எனலாம். இணைப்பாக எழுதப்பட்டது இணைப்பாகாது வெறுஞ் சொல்லாய்ப் பக்கத்தில் ஏறிவிடுதல் மூன்றாவது. இதனை ஊமை மாட்டேறு எனலாம். பைதன் மொழியின் விளக்க நூல் 2008 முதல் ‘ஸ்ஃபிங்ஸ்’ என்னும் கருவியினால் ஆக்கப்பட்டு வருகிறது. பிற நூலகங்கள் பலவும் அக்கருவியையே ஆள்கின்றன. சார்பொன்றன் பெயரை மாற்றிய நிரலாளர் விளக்கத்திற் பழைய பெயரை விட்டுவிடின், இயல்பான அமைப்பில் இக்கருவி எச்சரிக்கை எதுவும் தராது அப்பெயரை இணைப்பற்ற சொல்லாக இட்டுவிட்டு அப்பாற் செல்லும். நுணுகி நோக்கும் முறையை நாமே இயக்கினாலன்றிக் குற்றம் வெளிப்படாது. முதல்வகை அறுதல் தன் இன்மையைத் தானே அறிவிக்கிறது. ஏனைய இரண்டும் வாசகரிடம் ஒன்றும் சொல்லாமலே அவரைக் கைவிடுகின்றன.

தமிழில் விளக்கம் எழுதுவோருக்கு இத்தொல்லை இருமடங்கு. பக்கத்தினுள் ஒரு பகுதியைச் சுட்டுவதற்கு, அதன் தலைப்புச் சொற்களிலிருந்தே ஓர் அடையாளம் ஆக்கப்படுவது வழக்கம். மேற்கூறிய கருவி, அடையாளம் ஆக்கும்போது உரோம எழுத்தல்லாதவற்றை நீக்கிவிடும். ஆங்கிலத் தலைப்புக்குப் பொருளுடைய அடையாளம் கிடைக்க, முழுதும் தமிழாகிய தலைப்புக்கு வெறும் வரிசையெண்ணே கிடைக்கிறது. நடுவே புதிய பகுதி ஒன்றைச் செருகியதும் எண்கள் நகரும். மூன்றாம் பகுதியைச் சுட்டி வெளியிலிருந்து வந்த இணைப்பு இப்போது வேறொரு பகுதியில் வந்து நிற்கும். யாரும் அதனை அறியார். அடிக்குறிப்பில் ‘மேலது’ என்று எழுதியபின் இடையே வேறொரு குறிப்பு நுழைந்துவிட, ஒருவர் கூற்று மற்றொருவர் தலையில் ஏறும் விபத்தை ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவோர் நன்கறிவர். அதனை ஒத்தது இது.

எழுத்துக் குறியீட்டிலும் ஒரு பொறி உண்டு. ‘கொ’ என்பதை ஒருங்குறியில் இருவகையாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்த்தல் ஒரு வகை. ககரத்தோடு ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தல் மற்றொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. முன்கூட்டியே ஒரு வடிவுக்குக் கொண்டுவரப்படாவிடின், இணைப்பைப் பொருத்திப் பார்க்கும் கணினிக்கு அவை இருவேறு சொற்கள். ஔகாரத்தை ஒகரமும் ளகரமுமாக எழுதும் பழக்கமோ இதனினும் கேடானது. ஒருங்குறியின் இயல்பாக்க விதி எதுவும் அதனைச் சீர்செய்யாது. இவற்றைத் தமிழறியாத நிரலாளர் கண்டுபிடிப்பார் என்று காத்திருத்தல் பேதைமை. எழுத்திலக்கணமும் நிரலாக்கமும் ஒருங்கே கற்கும் வாய்ப்புடைய நம் மாணவரே இதற்குரியோர்.

இக்குறை யாரைத் தாக்குகிறது என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பெரிய நிறுவனத்திற் பணிபுரிபவருக்கு அருகே கேட்டறிவதற்கு ஓர் ஆள் இருப்பார். ஹற்றனிலிருந்தோ பூண்டுலோயாவிலிருந்தோ மாத்தளைத் தோட்டமொன்றிலிருந்தோ பேராதனைக்கு வந்து, தமிழிற் கற்ற கணிதத்தை ஆங்கிலத்தில் மறுபடி கற்கும் முதல் தலைமுறை மாணவிக்கு விளக்க நூலே ஆசிரியர். அறுந்த இணைப்பின் முன் நிற்கும்போது, குற்றம் நூலினது என்று அவருக்குத் தோன்றுவதில்லை. தமது ஆங்கிலத்தின் குறை, தமது அறிவின் குறை என்றே அவர் எண்ணுகிறார். பேராதனைச் சந்திப் புகையிரத நிலையத்திலே கண்டிக்குச் செல்லும் பாதையும் பதுளைக்குச் செல்லும் பாதையும் பிரிகின்றன. அங்கே பெயர்ப்பலகை பிழைபட்டால் ஊர் தெரிந்தவருக்கு நட்டமில்லை. புதிதாய் வந்தவரே திசைமாறுவார். மாட்டேற்றைப் பேணாத நூல், ஏற்கெனவே அறிந்தவருக்கு மட்டும் எழுதப்பட்ட நூலாகிவிடுகிறது. கல்வியிற் சமத்துவம் பேசும் நாம் இதனைக் காணாதிருத்தல் தகாது.

தேடுபொறி இருக்கும்போது இணைப்பு எதற்கு என்பார் உளர். தேடுவதற்குச் சொல் தெரிந்திருத்தல் வேண்டும். பொருளின் பெயரையே இன்னும் அறியாதவருக்கன்றோ மாட்டேறு தேவை? செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் விடை வருமே என்பது இப்போதைய வாதம். அந்நுண்ணறிவும் இதே விளக்க நூல்களைப் பயின்றே பேசுகிறது. இல்லாத சார்பையும் இல்லாத முகவரியையும் உள்ளனபோல் உரைப்பது அதற்குப் புதிதன்று. அதன் கூற்றைச் சோதிக்கும் உரைகல் மூல நூல். உரைகல்லை உடைய விட்டுவிட்டுப் பொன்னின் மாற்றை எங்ஙனம் அறிவது?

அறுந்த இணைப்பை இயந்திரமே கண்டுபிடித்துத் தருமே என்பது மூன்றாவது வாதம். தரும், தருதலும் வேண்டும். ஸ்ஃபிங்ஸிலே இணைப்புச் சோதனை முறை உண்டு. ரஸ்ட் மொழியில் 2020 நவம்பர் முதல் பொருளின் பெயரைக் கொண்டே இணைப்பு எழுதலாம். பெயர் பொருந்தாவிடின் கருவி எச்சரிக்கும். ஆயினும் இன்ன இணைப்பு இறந்தது என்று சொல்வதோடு அச்சோதனை நின்றுவிடுகிறது. அது முதலில் எதனைக் குறித்தது? அப்பொருள் இப்போது எப்பெயரில் எங்குளது? அறவே நீக்கப்பட்டதாயின் அவ்வாக்கியத்தையே மாற்றி எழுத வேண்டுமா? மாற்ற வரலாற்றைப் புரட்டி, நிரலைப் படித்து, இவற்றுக்கு விடை துணிய வேண்டும். துணிந்ததற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். பாடவேறுபாடு நோக்கி மூலபாடம் துணியும் பதிப்பாசிரியர் தொழிலுக்கும் இதற்கும் வேற்றுமை அதிகமில்லை. முன்னதற்குக் கலாநிதிப் பட்டம் அளிக்கும் நாம் பின்னதற்கு ஒரு புள்ளியும் அளிக்க மறுக்கிறோம்.

இது சிறு குறையென்று தள்ளவும் இயலாது. 2013இல் இருந்த இணையப் பக்கங்களுள் 38 சதவீதமானவை பத்தாண்டுகளின் பின் கிடைக்கவில்லை என்று பியூ ஆய்வு மையம் 2024இல் அறிவித்தது. அமெரிக்க உயர் நீதிமன்றத் தீர்ப்புகளிற் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறத்தாழப் பாதி, மேற்கோளாகக் கொண்ட செய்தியைத் தரவில்லை என்று ஹாவார்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. நீதிமன்றத் தீர்ப்புக்கே இந்நிலையாயின், நாள்தோறும் மாறும் மென்பொருளைப் பற்றிக் கூறவேண்டியதில்லை.

நம் நாட்டு அனுபவமும் சிந்திக்கத்தக்கது. 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடற்கோளின் பின், இலங்கைத் தன்னார்வ நிரலாளர் ‘சஹானா’ என்னும் அனர்த்த முகாமை மென்பொருளை ஆக்கினர். காணாமற்போனோர், முகாம்கள், நிவாரண அமைப்புகள் பற்றிய விவரங்களைப் பேண உதவிய அது, 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் பின்னும் 2010இல் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின் பின்னும் ஆளப்பட்டது. பி.எச்.பி. மொழியில் தொடங்கிய அது, பின்னர்ப் பைதன் மொழியிற் புதிதாக எழுதப்பட்டு ‘ஈடன்’ என்னும் பெயரிலும் கிளைத்தது. மென்பொருள் வளர்வதும் கிளைப்பதும் இயல்பு. அவ்வாறு கிளைக்கும்போது பழைய விளக்கத்திலுள்ள ‘காண்க’ என்னும் சொல் எக்கிளையைச் சுட்டும் என்று ஒருவர் இருந்து வகுத்தாக வேண்டும். இடிபாடுகளின் நடுவே இத்தகைய மென்பொருளை நிறுவ முயல்பவருக்கு, தவறான பக்கத்திற் கழிந்த ஒரு மணிநேரம் சிறு பொழுதாகாது.

மாறிய பெயரைப் பேணும் முறையைக் கற்க நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதுமில்லை. வளாகத்துக்கு அணித்தாய், 1821இல் நிறுவப்பட்ட பேராதனைத் தாவரவியற் பூங்கா இருக்கிறது. அதன் பணிப்பாளராய் இருந்த ஹென்றி ட்ரைமன் தொடங்கிய இலங்கைத் தாவரக் கைந்நூல் 1893 முதல் 1900 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. 1896இல் அவர் மறைய, எஞ்சியதை ஜோசப் ஹூக்கர் முடித்தார். திருத்திய கைந்நூல் வரிசை 1980 முதல் வெளிவந்தது. இடைப்பட்ட காலத்திற் பல செடிகளின் விஞ்ஞானப் பெயர்கள் மாறின. ஆயினும் திருத்தியோர் பழைய பெயரை அழித்துவிடவில்லை. புதிய பெயரின் கீழ்ப் பழைய பெயரை ஒத்த பெயராய் நிறுத்தி, ட்ரைமன் அதனை எப்பகுதியில் எப்பக்கத்திற் கூறினார் என்பதையும் குறித்தனர். ட்ரைமனை மட்டும் கையிற் கொண்டு வருபவரும் இன்றைய பெயரைச் சென்றடையலாம். தாவரவியலார் நூறாண்டு இடைவெளியிற் செய்துகாட்டியதை, இரு பதிப்புகளுக்கிடையே ஆறு மாதமேயுள்ள மென்பொருளார் செய்யவியலாது என்பது நொண்டிச் சாட்டு.

ஆதலின் மூன்று செய்திகளை வலியுறுத்துவோம். முதலாவது, பொதுப் பயன்பாட்டிலுள்ள நூலகமொன்றின் விளக்கத்தை ஆராய்ந்து அறுந்த மாட்டேறுகளைச் சீர்செய்தலை, மதிப்பீட்டுக்குரிய செயற்றிட்டமாகத் துறைகள் ஏற்க வேண்டும். எத்தனை இணைப்பைத் திருத்தினார் என்று எண்ணாமல், ஒவ்வொன்றையும் எக்காரணத்தால் துணிந்தார் என்று நோக்கிப் புள்ளியிட வேண்டும். இரண்டாவது, நம் மாணவர் ஆக்கும் மென்பொருளில் நுணுகி நோக்கும் சோதனையைத் தொடக்கத்திலேயே இயக்கி, அறுந்த இணைப்போடு விளக்க நூல் வெளியேறாதபடி செய்ய வேண்டும். தலைப்பை நம்பாது, ஒவ்வொரு பகுதிக்கும் நிலையான அடையாளத்தை எழுதுபவரே இட வேண்டும். ‘தான் குறியிடுதல்’ என்பதும் தொல்காப்பியர் கூறிய உத்திதான். பக்கத்தை இடம் மாற்றினால் பழைய முகவரியிலிருந்து புதியதற்கு வழிகாட்டி வைத்தல் வேண்டும். மூன்றாவது, தமிழ்த் தலைப்புக்குத் தமிழிலேயே நிலையான அடையாளம் கிடைக்குமாறு கருவி ஆக்குவோரிடம் கேட்பதும், வேண்டிய திருத்தத்தை எழுதி அனுப்புவதும் தமிழ்ச் சங்கத்தாரும் கணினித் துறையினரும் கூடிச் செய்ய வேண்டிய பணி. அவர்கள் நம் மொழிக்குப் பகைவரல்லர், கேட்பாரில்லாமையால் அறியாதவர்.

புதிய நூலகம் எழுதுவோர் நம்மிடையே ஆண்டுதோறும் பெருகுகின்றனர். எழுதியதைப் பேணுவோர் சிலராகவே உள்ளனர். அச்சிலரை எழுதுவினைஞர் என்று எள்ளும் வழக்கத்தையேனும் நம் விரிவுரை மண்டபங்களிலிருந்து இவ்வாண்டோடு அகற்றுவோமாக.