மேலாளருக்கும் மனம் உண்டு

முதலாளி திட்டுவார், தொழிலாளி கலங்குவார் என்பதே நம்மில் பலரின் எண்ணம். சென்ற தவணை விடுமுறையில் ஒரு பேரங்காடியில் பகுதி நேர வேலை செய்யும்வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அங்கு எங்கள் மேலாளர் ஒரு தமிழ் அக்கா. விலைச்சீட்டு மாறியிருந்தால் வாடிக்கையாளர் அவரிடம் கத்துவார். விற்பனை குறைந்தால் தலைமையகம் தொலைபேசியில் சீறும். வேலை அட்டவணையைக் காட்டினால் நாங்கள் முகம் சுளிப்போம். அத்தனையையும் வாங்கிக்கொண்டு அவர் சிரிக்க வேண்டும். அழும் காசாளரைத் தேற்றவும் வேண்டும்.

ஒருநாள் பால்மாவு டின்களை அடுக்கச் சொன்னார். கைப்பேசியிலிருந்து கண்ணெடுக்காமல், "அப்புறம் செய்கிறேன்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரவு கடை சாத்தும் நேரத்தில் தனியாக அவரே அடுக்கிக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் கோபமில்லை, களைப்புத்தான் இருந்தது.

சமூகவியலாளர் ஆர்லி ஹாக்‌ஷீல்ட், விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 1983-இல் எழுதிய நூலில், சம்பளத்திற்காக உணர்ச்சியை அடக்கி முகமலர்ச்சி காட்டுவதை 'உணர்ச்சி உழைப்பு' என்றார். மூட்டை தூக்குவதைப் போலவே அதுவும் ஆளைச் சோர வைக்கும்.

1970-இல் பிரகடனம் செய்யப்பட்ட ருக்குன் நெகாராவின் ஐந்தாம் கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். தமிழ்ப்பள்ளிச் சபைகூடலிலும் பின்னர் தேசியப் பள்ளியிலும் அதை ஒப்புவித்தோம். 'இனியவை கூறல்' அதிகாரத்தையும் மனனம் செய்தோம். எல்லாம் தேர்வுத் தாளோடு முடிந்துவிட்டதா?

அநீதியைத் தட்டிக் கேட்போம், தோழர்களே. அதற்கு அலட்சியம் தேவையில்லை. நாளை நம்மில் பலர் அந்த நாற்காலியில் அமரப்போகிறோம். கடைசி நாளில் அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு நா எழவில்லை. உங்களுக்காவது எழட்டும்.