கொம்பு முன்னால், கால் பின்னால்

அப்பாவின் முதலாம் ஆண்டுத் திதி முடிந்த மறுநாள். அம்மா அலமாரியிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்து வந்து நீட்டினார். “பாப்பா, அப்பா எழுதின நாடகமெல்லாம் இதுலதான் இருக்காம். ஒண்ணு படிச்சுக் காட்டேன்.”

தொண்ணூறுகளின் கடைசியில் அப்பா வானொலிக்கு நாடகம் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார். நான் மைக் முன்னால் வந்து உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பென்டிரைவில் 11 கோப்புகள். திறந்தால், திரை முழுக்கத் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள். பெயருக்குக்கூடத் தமிழ் இல்லை.

“அழிஞ்சு போச்சா?” என்றார் அம்மா.

என் மடிக்கணினியில் ஓடுவது உபுண்டு லினக்ஸ். நகர மறுத்த பழைய கணினிக்குத் தம்பி செய்த வைத்தியம். கோபத்தில் அவனைத்தான் முதலில் திட்டினேன். பாவம், அவன் மேல் தவறில்லை. அதே கணினியில் செய்தித் தளங்கள் அழகான தமிழில்தான் தெரிகின்றன. பிரச்சினை கோப்புகளின் வயது.

யூனிகோட் பரவும் முன், ஐரோப்பிய எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்துத்தான் நாம் கணினியில் தமிழ் எழுதினோம். நம் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் 1985லேயே வந்துவிட்டது. சிங்கப்பூரில் நா.கோவிந்தசாமி கணியனை உருவாக்கினார். ஆளுக்கொரு குறியாக்கம் என்றிருந்த நிலையை மாற்ற, பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் விவாதித்து உருவாக்கியதுதான் டிஸ்கி. அதற்குரிய எழுத்துரு கணினியில் இல்லையென்றால், அடியில் இருக்கும் ஐரோப்பிய எழுத்து பல்லிளிக்கும்.

லிப்ரே ஆபிஸில் அந்த வரிகள் மேல் சொடுக்கினால், மேலே பெட்டியில் எழுத்துருவின் பெயர் தெரியும். சாய்வெழுத்தில் இருந்தால், அது நம் கணினியில் இல்லை என்று பொருள். அப்பா பயன்படுத்தியது ஒரு டிஸ்கி எழுத்துரு. அவருடைய பழைய சிடியிலேயே அது கிடைத்தது. இரட்டைச் சொடுக்கு, திறக்கும் சாளரத்தில் ‘நிறுவு’, அவ்வளவுதான். லிப்ரே ஆபிஸை மூடித் திறந்தேன். ‘காட்சி 1’ என்று அப்பா வந்து நின்றார். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஆனால் ‘ராசம்மா’ என்று தேடினால் எதுவும் கிடைக்கவில்லை. கண்ணுக்குத்தான் தமிழ், கணினிக்கு அது இன்னும் ஐரோப்பிய எழுத்துதான். டிஸ்கியில் ‘கொ’ என்பது கண் பார்க்கும் வரிசையில் இருக்கும்: முதலில் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். யூனிகோடில் வாய் சொல்லும் வரிசை: முதலில் மெய்க்குரிய க, பிறகு உயிர்க்குறி. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைப்பது, காட்டும்போது எழுத்துருவும் அதை இயக்கும் மென்பொருளும் செய்யும் வேலை. வானொலிக்காரியான எனக்கு இந்த இரண்டாவது வரிசைமேல் தனிப் பிரியம்.

லினக்ஸிலேயே ஐகான்வ் என்ற கருவி உண்டு. டிஸ்கி அதற்குத் தெரியும். கோப்பை வெறும் உரையாகச் சேமித்துக் கொடுத்தால் யூனிகோடாக்கித் தரும். சில இடங்களில் எழுத்து உதிர்ந்தது. பழைய வடிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையால் திருத்தினேன். மூன்று இரவுகள் போயின. அம்மாச்சியின் பெயரான ராசம்மா இரண்டு நாடகங்களில் வருகிறாள், இரண்டிலும் வாயாடி. “இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே அவரு” என்று அம்மா சிரித்தார்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒன்று: மாற்றி முடித்த பிறகு பழைய எழுத்துருவை அப்படியே வைத்திருங்கள், ஆனால் கணினியின் இயல்பு எழுத்துருவாக்கிவிடாதீர்கள். பிரெஞ்சுப் பெயர்களில் தமிழ் முளைக்கும். யூனிகோட் தமிழுக்கு விருப்பமான எழுத்துருவை அமைக்கும்போதும், வரிசையில் முதலில் ஆங்கில எழுத்துரு, அடுத்து தமிழ் என்று வையுங்கள். பல தமிழ் எழுத்துருக்களுக்குள் ஆங்கில எழுத்தும் உண்டு, அது பெரும்பாலும் பார்க்கச் சகிக்காது.

11 கோப்புகளில் 9 முடிந்தன. மீதி இரண்டும் வேறு ஏதோ எழுத்துருவில் எழுதியவை. அது சிடியில் இல்லை. அப்பாவின் நாடக நண்பர்கள் வீட்டு அலமாரிகளைக் குடையப் போகிறேன். அதுவரை ஞாயிறுதோறும் தேநீர் வேளையில் அம்மாவுக்கு ஒரு காட்சி வாசிக்கிறேன். நேற்றும் நடுவில் நிறுத்தினார்: “இவ்வளவு வேகமா படிக்காதே பாப்பா, இது ரேடியோ இல்ல.”