விலைக்கு வரும் அற்புதம்

முதுகுத்தண்டு முறிந்து படுத்திருப்பவனிடம், ‘ஸ்டெம் செல் போட்டால் எழுந்து நடப்பாய்’ என்று சொல்லி லட்சக்கணக்கில் கறப்பதற்கு விஞ்ஞானம் என்று பெயரல்ல. பகற்கொள்ளை என்று பெயர்.

கையில் அறுந்த நரம்பு மெல்ல வளர்ந்து கூடுவதுண்டு. தண்டுவடத்தில் அது நடப்பதில்லை, தழும்பு வழிமறிக்கிறது. ஆனால் மூக்கில் வாசனையறியும் நரம்புகள் ஆயுள் முழுதும் அழிந்து அழிந்து முளைக்கின்றன. அவற்றுக்குத் துணைபோகும் செல்களைத் தண்டுவடத்தில் வைத்தால் என்ன என்று லண்டனில் ஜெஃப்ரி ரெய்ஸ்மன் பல்லாண்டு பாடுபட்டார். 2012இல் போலந்தில் இந்தச் சிகிச்சை பெற்ற ஒருவர், சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்ததாக 2014இல் செய்தி வந்தது. சந்தோஷம். ஆனால் அவருக்கு நேர்ந்தது கத்திக்குத்து. பனையிலிருந்து விழுந்தவனுக்குத் தண்டுவடம் நசுங்கியல்லவா போகிறது? அதே வருஷம் இன்னொரு செய்தியும் வந்தது: மூக்குத் திசுவை முதுகில் வைத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு எட்டாண்டு கழித்து அங்கே கட்டி வளர்ந்திருந்தது. விளம்பரக்காரர்கள் முதல் செய்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

‘நம்பிக்கையைப் பறிக்கலாமா?’ என்று என்னோடு சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. நம்பிக்கை இருக்கட்டும், ஐயா. அதற்கு விலைச்சீட்டு ஒட்டியது யார்? ஆராய்ச்சி என்றால் செலவு ஆராய்கிறவனுடையது. அனுமதி பெற்ற ஆராய்ச்சிக்கு வெளியே, சில ரத்த நோய்களுக்குத் தவிர, இந்தச் சிகிச்சை கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017இலேயே எழுதிவைத்தது. தாமிரபரணிப் பாசனத்தில் காரும் பிசானமும் விளையும் வயலை விற்றுக் கொண்டுவா என்று எந்த ஆராய்ச்சியும் கேட்காது. கேட்டால் அது கடை.

நடக்க முடியாதவன் வாழவே முடியாதா? 1975இல் பெங்களூரில் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த பொறியியல் மாணவர் எஸ். ராமகிருஷ்ணன், 1981இல் தென்காசிக்குப் பக்கத்தில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். புண் வராமல் புரண்டு படுப்பது, மூத்திரப்பை கெடாமல் காப்பது, சக்கர நாற்காலியில் ஊர்போய் உழைப்பது: இவைதாம் முதுகு முறிந்தவனின் உயிரைக் காப்பவை. அற்புதம் எதுவும் இல்லாததால் இவற்றுக்கு விளம்பரமும் இல்லை.

செல் சிகிச்சை ஒருநாள் பலிக்கட்டும். முதலில் கைதட்டுகிறவன் நானாகவே இருப்பேன். அதுவரை, வயலை விலைபேசப் புறப்படுகிறவர்கள் ஒருமுறை ஆய்க்குடிக்கு பஸ் ஏறிப் பார்த்துவிட்டு வரட்டும்.