மிர்சாபூரின் கடிகாரமும் அந்தமானின் சூரியனும்

மிதிவண்டிக்குப் பொருத்தச் சிறந்தது பெட்ரோல் எஞ்சினா, பேட்டரி மோட்டாரா என்ற விவாதம் அந்தமானில் இந்த வாரமும் எழுந்து, பவர் ஹவுஸில் எரிவது டீசல்தான் என்பதால் இரண்டும் ஒன்றே என்ற பழைய தீர்ப்போடு முடித்துவைக்கப்பட்டது. கணக்குப் பார்க்காமல் வழங்கப்படும் இத்தீர்ப்பு எரிச்சலூட்டுவது.

ஒரு லிட்டர் டீசலிலிருந்து பெரிய ஜெனரேட்டர் ஏறத்தாழ மூன்றரை யூனிட், அதாவது 3,500 வாட் மணி மின்சாரம் தருகிறது; மின்கம்பியிலும் சார்ஜரிலும் பேட்டரியிலும் கால் பங்கு வீணானாலும், பெடலையும் மிதித்துக்கொண்டு ஓட்டுபவருக்குக் கிலோமீட்டருக்கு 15 வாட் மணி போதும் என்பதால், அது 150 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுசெல்லும். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஒரு மொபெட் 60, 70 கிலோமீட்டர் ஓடினாலே அது நல்ல மைலேஜ். மேலும், சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசையை மின்மோட்டார் புறப்படும் கணத்திலேயே முழுமையாகத் தருவதால், வேகம் பிடித்த பிறகே வலுப்பெறும் சிறிய எஞ்சினைவிட, போர்ட் பிளேரின் மேட்டுச் சாலைகளுக்கு அதுவே ஏற்றது. சட்டமும் அதன் பக்கமே நிற்கிறது: 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டு, உரிய ஒப்புதல் பெற்ற மின்மிதிவண்டிக்குப் பதிவும் உரிமமும் வேண்டியதில்லை, 25 சிசியைத் தாண்டும் எஞ்சினைப் பூட்டிய மிதிவண்டியோ மோட்டார் வாகனமாகிவிடுகிறது.

ஆயினும் டீசலைச் சுட்டிக்காட்டுவோர் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு: அந்த பேட்டரி எந்நேரத்தில் சார்ஜ் ஆகிறது? மெயின்லேண்டின் மின்தொகுப்போடு கம்பித் தொடர்பில்லாத தெற்கு அந்தமானில், கராச்சாரமாவில் என்டிபிசியின் 5 மெகாவாட் சூரிய நிலையமும், நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி தோண்டி வளர்ந்த என்எல்சி அமைத்த 20 மெகாவாட் நிலையமும் இருக்கின்றன. பின்னதோடு இணைந்த 8 மெகாவாட் மணி பேட்டரித் தொகுதி நிலையத்தின் முழுத் திறனுக்கு 24 நிமிட மின்சாரத்தை மட்டுமே தேக்கும். மேகம் மறைக்கும்போது ஏற்படும் தடுமாற்றத்தைச் சமன்செய்ய அது போதுமே தவிர, இரவைக் கடக்கப் போதாது. ஆகவே பகலில் சார்ஜ் ஆகும் வண்டிக்கு வெயிலில் பங்குண்டு. அந்தி சாய்ந்தபின் சார்ஜ் ஆகும் வண்டி கப்பலில் வந்த டீசலையே நம்பியிருக்கிறது.

இந்திய நேரம் தீவுகளுக்குப் பொருந்துவதில்லை என்ற பழைய முறையீடு இங்கேதான் மீண்டும் வந்து நிற்கிறது. இந்திய நேரம் உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூருக்கு அருகே செல்லும் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு 1906 முதல் கணக்கிடப்படுகிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பதால், அதற்குப் பத்துப் பாகை கிழக்கேயுள்ள போர்ட் பிளேரில் சூரியன் நாற்பது நிமிடம் முந்திக்கொள்கிறது. ஏறத்தாழ பதினொன்றேகாலுக்கே உச்சியைத் தொட்டு, நவம்பரில் ஐந்து மணிக்கு முன்பாகவே மறைந்துவிடுகிறது. அதிகாலை வெயில் மக்கள் எழுமுன் வீணாகிறது. அலுவலகம் முடிந்து வீடு திரும்புவோர் விளக்கையும் மின்விசிறியையும் சார்ஜரையும் ஒருசேரப் போடும் வேளையில் சூரிய நிலையங்கள் ஓய்ந்துவிடுகின்றன. மிர்சாபூருக்குப் பொருந்தும் கடிகாரம் அந்தமானில் டீசலைக் கூடுதலாக எரிக்கச் செய்கிறது.

இதற்குத் தீர்வு தேடி நாட்டின் நேரத்தையே மாற்ற வேண்டியதில்லை. அசாமின் தேயிலைத் தோட்டங்கள் ‘பாகன் நேரம்’ என்ற பெயரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்வைத்து, கிழக்கின் வெளிச்சத்திலேயே நெடுங்காலமாக வேலையை நடத்திவந்துள்ளன. தீவுகளிலும் பள்ளிகளும் அலுவலகங்களும் ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கி, அவற்றின் மிதிவண்டிக் கொட்டகைகளிலும் படகுத்துறைகளிலும் பகலில் சார்ஜ் செய்யப் பிளக் வசதி தரப்படுமானால், எந்த மோட்டார் சிறந்தது என்ற கேள்விக்குத் தீவின் சூரியனே விடை சொல்லிவிடும். வேலை நேரத்தைத் தீவின் வெயிலுக்கேற்ப வகுப்பது நிர்வாகத்தின் கடமை. புதிய பவர் ஹவுஸ் கட்டுவதைவிட அதற்கு ஆகும் செலவும் மிகக் குறைவு.