சொல் இல்லையா? நா இல்லையா?

மானாம்பதிச் சாலையோரத்தில் உத்தரமேரூர் செல்லக் காத்து நிற்போர், "பஸ் வரவில்லையா?" என்றே வினவுகின்றனர். அரசின் எழுத்திலோ 'பேருந்து' எனும் அழகிய தமிழ்ச்சொல் நிற்கின்றது. கண் தமிழைப் படிக்கின்றது. நா ஆங்கிலத்தை உருட்டுகின்றது. ஏனென்று கேட்டால், "எல்லாவற்றிற்கும் தமிழில் சொல் ஏது?" என்று எதிர்வினா எழுப்புவர்.

அதற்கு விடை, அவர்கள் செல்லும் உத்தரமேரூரிலேயே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. முதற் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஊரார் குடவோலை வழி ஆட்களைத் தேர்ந்து, ஏரி வாரியம், தோட்ட வாரியம் என அமைத்த முறையைக் கூறுகின்றன. ஓராயிரம் ஆண்டு கடந்தபின், ஆங்கிலப் 'போர்டு'க்கு ஈடாக இன்று நிற்பது அதே வாரியந்தான். குடிநீர் வாரியம் என்றால் விளங்காதார் யார்? கொல்லனும் தச்சனும் வழங்கிய 'பட்டறை' இருக்க, 'ஒர்க்‌ஷாப்' எதற்கு?

சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதும் தமிழாக்கம் ஆகாது. 'குட் மார்னிங்' என்பதைக் 'காலை வணக்கம்' என்பர். வணக்கத்திற்குக் காலை ஏது, மாலை ஏது? 'வணக்கம்' ஒன்றே எப்பொழுதிற்கும் போதும். ஆங்கிலத்தின் உடலைத் தூக்கி வந்து தமிழுடை போர்த்துவதைவிட, கருத்தை உணர்ந்து தமிழ் மரபிற் கூறுவதே முறை.

அமெரிக்கப் பழங்குடியினராகிய நவகோ மக்களைப் பாருங்கள்! பள்ளியில் தாய்மொழி பேசியதற்காக ஒறுக்கப்பட்டவர்கள் அவர்கள். ஆயினும், 1942இல் அமெரிக்கப் படையிற் சேர்ந்த நவகோவர் 29 பேர், தம் மொழியிலேயே போர்க்கள மறைமொழி யாத்தனர். நீர்மூழ்கி 'இரும்பு மீன்' ஆயிற்று. தகரி 'ஆமை' ஆயிற்று. அவர்தம் மொழியில் இன்று கணினிக்குப் பெயர் 'எண்ணமிடும் மாழை' என்பதாம். கடன் வாங்கவில்லை, கண்டதைத் தம் சொல்லாற் கூறினர்.

தமிழ் பேசும் பிள்ளையை ஒறுக்கும் பள்ளிகள் தமிழ்நாட்டிலேயே உள்ளன. அங்குக் கட்டணம் கட்டிச் சேர்ப்பவரும் தமிழரே! பெற்றோர் நாவில் ஏறாத சொல் பிள்ளை நாவில் எங்ஙனம் ஏறும்? அகரமுதலியில் அடைபட்ட சொல் உறங்கும். நாவில் ஏறிய சொல்லே வாழும்.

தமிழ்ப் பெற்றோரே, ஆசிரியரே! நாளைக் காலை சாலையோரத்தில் நின்று, "பேருந்து வந்ததா?" என்று உரக்கக் கேளுங்கள். சிரிப்பவர் சிரிக்கட்டும். பத்தாம் நாள் அவரும் அவ்வாறே கேட்பார்!