ஊனச் சதவீதமும் வருமான இழப்பும்



கார் மோதிக் காயமுற்றோர் தொடுக்கும் வழக்குகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் தொகையோடு நின்றுவிடுவதால், அது எவ்வாறு கணிக்கப்பட்டது என்பது வாசகர்க்குத் தெரியாமலே போகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 166ஆம் பிரிவின்கீழ், விபத்து இழப்பீட்டுக்கென அமைந்த தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய வழிசெய்கிறது; ஆனால் அங்கு தாக்கலாகும் ஊனச் சான்றிதழ் உடற்குறையைச் சதவீதத்தில் சொல்கிறதேயன்றி, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குன்றியது என்பதைச் சொல்வதில்லை. இவ்விரண்டையும் 2010இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்துக் காட்டியது: இடக்கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ, உடற்குறை 60 சதவீதமென மதிப்பிடப்பட்டாலும், வருமான இழப்பு ஏறக்குறைய முழுமையானது, அதே குறையுள்ள அரசு எழுத்தருக்கு வேலையே போகாதிருக்கலாம்.

ஆண்டு வருமான இழப்பை வயதுக்கேற்ற பெருக்கெண்ணால் பெருக்குவதே நடைமுறை. 31 முதல் 35 வயதுவரை அவ்வெண் 16 என்பதால், சதவீதத்தில் நேரும் சிறு பிழையும் 16 மடங்காகிவிடுகிறது. ஆகவே, சிகிச்சையளித்த மருத்துவரைச் சாட்சியாக விசாரித்து, காயமுற்றவரின் தொழிலோடு பொருத்திப் பார்க்காமல், சான்றிதழ் எண்ணையே அடிப்படையாக்கி மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவது காப்பீட்டு நிறுவனத்துக்கே ஆதாயமாகிறது. விரைவு என்ற ஒன்றைத் தவிர அதில் வேறு நியாயமில்லை.

வாசகர் ஒருவர்,
திருச்சி