இரைச்சல் என்று தள்ளாதீர்கள்



ஹெவி மெட்டல் இசை கேட்கும் பிள்ளைகளைப் பிரசங்க பீடத்திலிருந்து கண்டிக்கவேண்டும் என்று பெற்றோர் சிலர் என்னை வற்புறுத்தி வருகிறார்கள். அது சாத்தானின் இசை என்பது அவர்களுடைய வாதம். இந்த வாரம் அந்த வாதத்தையே நான் கண்டிக்கப்போகிறேன்.

முதலில் என் தவற்றை அறிக்கையிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன், தகப்பனை இழந்த வாலிபன் ஒருவன் இரவெல்லாம் இந்த இசையைக் கேட்கிறான் என்று அவன் தாய் என்னிடம் அழுதார். நான் அவனை அழைத்து, அவனிடமிருந்த குறுந்தகடுகளை உடைக்கச் சொன்னேன். எதிர்த்து ஒரு வார்த்தையும் பேசாமல் உடைத்தான். அதன்பின் அவன் ஆலயத்துக்கு வரவில்லை. அவனுடைய துக்கத்தைக் குறித்து நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது வெகுகாலம் கழித்தே எனக்கு உறைத்தது.

இந்த இசை எங்கே பிறந்தது என்று எண்ணிப்பாருங்கள். 1968இல் இங்கிலாந்தின் தொழில்நகரமாகிய பர்மிங்காமில் பிளாக் சாபத் குழு உருவாயிற்று. அதன் கித்தார் கலைஞர் டோனி அயோமி, 17 வயதில் தகடு வேலை செய்யும் தொழிற்சாலையில் வலக்கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். பிளாஸ்டிக்கை உருக்கி விரலுறை செய்து மாட்டிக்கொண்டார். பின்னர் தந்திகளின் முறுக்கையும் தளர்த்தி வாசித்தார். அந்தக் கனத்த, தாழ்ந்த நாதமே மெட்டலின் அடையாளமாயிற்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிரஸ் இயந்திரங்களின் முன் நிற்கும் நம் சபையாருக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுமோ?

மெல்லிசையே பரிசுத்தமானது என்பாரும் உண்டு. தாவீதின் சுரமண்டலத்தைச் சான்று காட்டுவார்கள். அது சவுலுக்கு ஆறுதல் தந்தது மெய்தான். ஆனால் அதே தாவீது வாசித்துக்கொண்டிருந்தபோதே சவுல் அவன்மேல் ஈட்டியை எறிந்தான் என்றும் வேதம் சொல்லுகிறது. இனிய இசை காதில் இருந்தும் கொலைவெறி நெஞ்சை விட்டுப் போகவில்லை. பரிசுத்தம் ஓசையின் அளவில் இல்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

ஓசைக்குத் தீட்டுக் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. பறை சாவுக்குரியது, ஆலயத்துக்கு ஆகாது என்று சொன்னவர்கள் நாம். மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி 2005இல் மறைந்த தியோபிலஸ் அப்பாவு ஐயா, நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஒடுக்கப்பட்டோரின் ஓசையை ஆண்டவர் கேட்கிறார் என்பதே அவருடைய இறையியல். பின்லாந்தின் லுத்தரன் திருச்சபையில் 2006 முதல் ஞானப்பாட்டுகளை மெட்டல் இசையில் பாடி ஆராதிக்கிறார்கள். நம் சென்னையிலேயே பிளட்கவனன்ட் என்னும் கிறிஸ்தவ மெட்டல் குழு எழுந்தது.

"கோபத்தைத் தூண்டுமே" என்பீர்கள். 2015இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய இசையை விரும்பிக் கேட்கும் 39 பேரைக் கோபமூட்டும் நினைவுகளைப் பேசச் செய்தார்கள். பின்பு ஒரு சாரார் 10 நிமிடம் தங்கள் இசையைக் கேட்டார்கள். மறு சாரார் அமைதியாக இருந்தார்கள். இரு சாராரிடமும் பகையுணர்வு தணிந்தது. இசை கேட்டவர்களோ ஊக்கமும் பெற்றார்கள். சிறிய ஆய்வுதான். ஆயினும் நம் அச்சத்தைச் சற்று நிறுத்திவைக்க அது போதும்.

எல்லாப் பாடலும் நன்று என்று நான் சொல்லவில்லை. தேவதூஷணமும், தன்னை மாய்த்துக்கொள்ளத் தூண்டும் சொற்களும் எந்த இசையில் வந்தாலும் விலக்கத்தக்கவையே. சொற்களைச் சோதியுங்கள்; ஓசையைக் கண்டு நடுங்காதீர்கள்.

88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது. எரேமியா தான் பிறந்த நாளைச் சபித்தான். நம் ஆண்டவரும் சிலுவையில் உரத்த குரலெழுப்பிக் கதறினார். நம் ஞாயிறு ஆராதனையில் இந்தக் கதறலுக்கு இடம் எங்கே? துக்கத்தோடு வருகிறவனையும் கைதட்டிப் பாடச் சொல்லுகிறோம். அழ இடமில்லாத பிள்ளை, தனக்காக அலறும் ஒரு குரலைத் தேடிப்போகிறான். அந்தக் குரல் அவனுடைய வேதனைக்கு வடிவம் கொடுத்து, அவன் ஜெபிக்கத் தொடங்கும்வரை அவனைத் தாங்குமானால், அதுவும் கிருபையே.

இந்த வாரம் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து, அவனுக்குப் பிரியமான ஒரு பாடலை முழுவதும் கேளுங்கள். பிறகு, இதில் உன்னைத் தொட்டது எது என்று கேளுங்கள். பதில் வரும்வரை உபதேசம் வேண்டாம். அவன் உறக்கமும் உணவும் இழந்து ஒதுங்கியிருந்தால், ஜெபிப்பதோடு மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள்.

அந்த வாலிபனிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. உங்கள் பிள்ளையோ அடுத்த அறையில்தான் இருக்கிறான்.

கூப்பிடுகிற ஒவ்வொரு குரலுக்கும் செவிகொடுக்கிற தேவன் நம் செவிகளையும் திறப்பாராக. ஆமென்.